தெஹிவளைக்கு வழி

12.6.1998, வெள்ளி
ஜெயபுரம்

பக்கத்து வளவு ராசன் கொழும்பில் கண்ணை வைத்தியரிடம் காட்டிவிட்டு இரண்டு கிழமையில் திரும்புவான் என்று நம்பி, வன்னியை விட்டு வெளியே போக இயக்கம் கொடுத்த அவனுடைய பாசுக்குப் பிணை நின்றவள் நான். இன்று அவனுடைய தாய் கடிதத்தோடு வந்தார்.

"நீ சொன்ன வழியாலதான் போனவனாம் எண்டு எழுதியிருக்கிறான், பிள்ளை. தெஹிவளை களுபோவிலயில அறை எடுத்திட்டானாம். இனி வரமாட்டானாம்."

ஒரு வருடமாகப் பின்னேரங்களில் வந்து, நான் முன்பு வீட்டுவேலை செய்த, கொழும்பை அடுத்த தெஹிவளையைப் பற்றிக் கேட்பான். நெதிமால, அத்திடிய என்று ஒவ்வொரு பகுதியாகச் சொன்னேன். என் கதையைக் கேட்கவும் ஒருவன் இருக்கிறானே என்று சந்தோஷப்பட்டேன். அவன் கேட்டது வழியை மட்டும்தான்.

பிணை நின்றதற்காக நாளைக்கு இயக்கத்தார் என்னை விசாரிக்க வருவார்கள். அவன் கடிதத்தில் எழுதிய தெருவைக் கண்ணை மூடிக்கொண்டே சொல்ல என்னால் முடியும். ஆனாலும் தெரியாது என்றுதான் சொல்வேன்.