புதுச் சவரம்

மார்ச் 4, தமியாத்தா, எகிப்து

கப்பலைத் துறையில் கட்டியதும் நேராக வீட்டுக்கு வந்திருக்கலாம். எட்டு மாதக் கடல், முகமெல்லாம் புதர். பேரன் பிறந்து ஐந்து நாள்தான் ஆகிறது. முதன்முதலில் பார்க்கும்போது பூச்சாண்டி மாதிரி நிற்க வேண்டாமே என்று ஷவ்கியின் கடையில் உட்கார்ந்து மழித்துக்கொண்டேன். அதுதான் வினை.

வாசலில் இக்ராம் என் கன்னத்தைத்தான் பார்த்தாள். எட்டு மாதம் கழித்து வந்த புருஷனை வா என்றுகூடச் சொல்லவில்லை.

"அறிவிருக்கா உங்களுக்கு? புதுசா சவரம் பண்ணின மூஞ்சியோட பிள்ளை பெத்தவ அறைக்குள்ள யாராவது போவாங்களா? பால் வத்திடும்."

மறந்தே போய்விட்டது. கப்பலில் யார் பிள்ளை பெறுகிறார்கள்?

இதற்கு வழியும் உண்டு, ஊரறிந்ததுதான். பெற்றவளே பிள்ளையோடு அறை வாசலுக்கு வந்து எதிர்கொண்டால் ஒன்றும் ஆகாது. நாலு எட்டு நடந்தால் போதும். ராவியாவை வரச் சொல் என்றேன். உள்ளேயிருந்து என் மகள் குரல் கேட்டது: "என்னால எழுந்திருக்க முடியாதுன்னு சொல்லும்மா."

சரி, தையல் போட்டிருப்பார்கள். பிள்ளையை மட்டுமாவது கொண்டுவந்து காட்டச் சொன்னேன். தன்னை விட்டு அவன் வெளியே வர மாட்டான் என்று சொல்லி அனுப்பினாள்.

மார்ச் 6

பிள்ளைக்கு ஏழாம் நாள் சடங்கு. உள்ளே பெண்கள் உரலை இடித்து, "அம்மா பேச்சைக் கேளு, அப்பா பேச்சைக் கேக்காதே" என்று பிள்ளையின் காதில் சொல்லிச் சிரித்தார்கள். தாத்தாவைப் பற்றி யாரும் எதுவும் சொன்னதாகத் தெரியவில்லை. எனக்கு ஒரு தட்டில் வேர்க்கடலையும் மிட்டாயும் வந்தன.

மார்ச் 9

தாடி நன்றாக வளர்ந்தபிறகுதான் உள்ளே விடுவார்களாம். அரிக்கிறது. இக்ராம் தினமும் என் கன்னத்தைத் தடவிப் பார்த்து, "இன்னும் இல்ல" என்கிறாள். நான் என்ன, பழுக்கப்போட்ட மாம்பழமா?

மார்ச் 13

சம்பந்தி பர்ஹூம் வந்தார். வெள்ளிக்கிழமைத் தொழுகைக்காகப் பளபளவென்று மழித்த கன்னம், அத்தர் வாசனை, கையில் ராவியாவுக்குப் புறாச் சமையல். வாருமய்யா, நீரும் என் பக்கத்தில் வந்து உட்காரும் என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன்.

இக்ராம் போய்ச் சொன்னாள். கதவு திறந்தது. ராவியா பிள்ளையோடு வாசல்வரை வந்து, "வாங்க மாமா" என்றாள். அவர் உள்ளே போனார். துணிச் சுருளுக்குள் எனக்கு ஒரு காது மட்டும் தெரிந்தது.

அவர் போனபிறகு கதவோரம் நின்று கேட்டேன் - அவருக்கு எழுந்து வர முடிகிறது, எனக்கு முடியாதா?

"சின்ன வயசுல ஒவ்வொரு தடவையும் நான்தானே ஓடி வந்தேன் பாபா. கப்பல் வருதுன்னா துறைமுகத்துக்கு ஓடுவேன். வராத அன்னிக்கும் ஓடுவேன். இனிமே என்னால முடியாது."

நான் என்ன ஊர் சுற்றவா போனேன்? இந்தக் கதவுக்குத் தேக்கு ரங்கூனிலிருந்து நான் சுமந்து வந்தது. இப்போது அதே கதவு என் மூஞ்சியில். இவள் மருந்துக்கடையில் வெள்ளைக் கோட்டு போட்டு நிற்பவள். இதையெல்லாம் இவள் நம்புகிறாளாம்! நம்பிக்கையும் இல்லை, மண்ணும் இல்லை. என்னை வெளியே நிறுத்த ஒரு சாக்கு.

மார்ச் 18

நாளைக்கே கப்பல் கிளம்புகிறது. ஏறுமுன் மழித்தாக வேண்டும். தாடி இருந்தால், கப்பலில் தீப்பிடித்தால் போடும் புகை முகமூடி கன்னத்தில் ஒட்டாது. இக்ராம் இன்னும் நாலு நாள் பொறுக்கச் சொல்கிறாள். கப்பலிடம் போய்ச் சொல்லட்டும்.

மார்ச் 19

மழித்தேன். சோப்பு காய்வதற்குள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். இக்ராம் குறுக்கே வந்தாள், விலக்கினேன். பால் குடித்துக்கொண்டிருந்தவனை அப்படியே எடுத்துக்கொண்டேன். அவன் கை என் கன்னத்தில் பட்டது. எவ்வளவு சூடு அந்தக் கைக்கு!

ராவியா கத்தவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். திருப்பிக் கொடுத்தபோது, "கிளம்புங்க, கப்பல் போயிடும்" என்றாள், அவ்வளவுதான்.

என் வீடு. என் பேரன். எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை - இல்லையென்றால் ஏன் எழுதிக்கொண்டிருக்கிறேன்?

மார்ச் 26, செங்கடல்

முகமூடிப் பயிற்சி. கேப்டன் எல்லோர் கன்னத்தையும் பார்த்தார். நான்தான் சுத்தமாக மழித்திருக்கிறேனாம்.

ஏப்ரல் 2, மொம்பாசா

இக்ராம் போனில் அழுதாள். ராவியாவுக்குப் பால் நின்று ஆறு நாளாகிறது. கவலையும் தூக்கமில்லாததும்தான் காரணம் என்கிறாராம் டாக்டர். வெந்தயக் கஷாயம் கொடுத்தாயிற்று, கடையிலிருந்த மருந்தெல்லாம் கொடுத்தாயிற்று. மாவுப்பாலைப் பிள்ளை கக்குகிறான், இளைத்துக்கொண்டே போகிறான். தெரு முழுக்க என் கன்னத்தைப் பற்றித்தான் பேச்சு. இதை முறிக்க ஒரே வழிதானாம்: உள்ளே போனவனே திரும்ப வந்து வாசலில் நிற்க வேண்டும்; அவள் பிள்ளையோடு வெளியே வந்து எதிர்கொள்ள வேண்டும்.

பிறகு ராவியா போனை வாங்கினாள். பின்னால் அவன் அழுவது கேட்டது, பூனைக்குட்டி மாதிரி.

"எனக்கு இதுல எல்லாம் நம்பிக்கை இல்ல பாபா. ஆனா எல்லாத்தையும் பார்த்தாச்சு. எப்ப வருவீங்க? நான் வாசலுக்கு வந்து நிக்கிறேன்."

நவம்பர் என்றேன்.