தசையும் கூப்பிடும்

அன்புள்ள அம்மாவுக்கு,

இந்த அகால வேளையில் எழுதுகிறேன், மன்னித்துக்கொள். உனக்கு மூட்டுவலி குறைந்ததா? அப்பா சௌக்கியமா?

அம்மா, ஆய்வகத்தில் இன்று ஜெயித்துவிட்டேன்! நரம்புதான் தசையைத் தேடிப் போகும், தசை சும்மா காத்திருக்கும் என்பார் எங்கள் பேராசிரியர். தசையும் நரம்பைக் கூப்பிடும் என்பது என் கட்சி. தோற்றால் ஆய்வகத்தை விட்டு மூட்டை கட்ட வேண்டியதுதான். இரண்டு கண்ணாடித் தட்டுகளில் நரம்பு செல்களையும் தசை செல்களையும் சேர்த்து வளர்த்தேன். ஒரு தட்டில் தசை செல்கள் விடும் சமிக்ஞையைத் தடுத்தேன். நரம்பிழைகள் திக்குத் தெரியாமல் அலைந்தன. தடுக்காத தட்டில் நேராக வந்து ஒட்டிக்கொண்டன. நரம்பைத் தூண்டியதும் தசை துள்ளியது! நான் போட்ட கூச்சலில், தீப்பிடித்துவிட்டதென்று காவலாளி வாளியோடு ஓடிவந்தார்.

பேராசிரியர் சிரித்தார். "நான் தோத்துட்டேன்மா. இனிமே உன்னைப் போகச் சொல்ல யாரு இருக்கா?"

கைக்குழந்தையை உன்னிடம் விட்டு வந்தது வீண்போகவில்லை. அவள் போட்ட சட்டை ஒன்றைத் துவைக்காமல் அனுப்பு. இரவில் அழாமல் தூங்குகிறாளா? சீக்கிரம் பதில் போடு.

உன் மகள்