வியாழக்கிழமை அல்வா

மாப்ள,

உன் முதலாளி ஆகா இன்றும் மாவு வறுக்கிறார். சாயங்காலத் தொழுகைக்கு அழைப்பு வந்து அடங்கிய கையோடு, எதிர்ச் சாரியில் நீ வேலை பார்த்த ஈரானி ஹோட்டலின் அடுப்படி ஜன்னலிலிருந்து வாசனை கிளம்பி, ரோட்டைத் தாண்டி எங்கள் தையல் கடைக்குள் வந்துவிட்டது. வயதான அரபி ஒருவருக்குக் கந்தூரா அங்கிக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தேன். டேப்பை அவர் தோளில் வைத்தவன் அப்படியே நின்றுவிட்டேன். அவரும் மூக்கை உயர்த்திப் பார்த்துவிட்டு, "யாருக்கு?" என்று மெதுவாகக் கேட்டார். துபாயில் இந்தச் சத்வாப் பக்கத்துப் பழைய ஆட்களுக்கு இந்த வாசனை வந்தால் விஷயம் தெரிந்துவிடும். என்னோடு ரூமில் இருந்த மாப்பிள்ளைக்கு என்று பழக்கத்தில் சொல்லிவிட்டேன். அவர் கண்ணை மூடி வாய்க்குள் ஏதோ ஓதினார். உன்னை அவர் பார்த்தது கூட இல்லை.

நீ அந்த ஹோட்டலில் சேர்ந்த வாரம் செய்த காரியம் ஞாபகம் இருக்கிறதா? இருக்கும். அதைச் சொல்லிச் சொல்லி நீயே எத்தனை முறை சிரித்திருக்கிறாய். அரிசியைப் பாதி வேக்காட்டில் வடித்து, அண்டாவின் அடியில் நெய்யும் குங்குமப்பூத் தண்ணீரும் ஊற்றி, சோற்றைத் திரும்பக் குவித்து, மூடியில் துணியைச் சுற்றி இறுக மூடி, ஆகா தம்மில் போட்டிருந்தார். மத்தியானம் மேல் சோறெல்லாம் பரிமாறியாயிற்று. அண்டாவுக்குள் எட்டிப் பார்த்த நீ, அடி முழுக்கச் சோறு பொன்னிறமாக ஒட்டிக் கிடப்பதைக் கண்டு பதறிவிட்டாய். உங்கள் வீட்டில் சோறு அடிப்பிடித்தால் உன் ஆத்தா தெருவுக்கே கேட்கிற மாதிரி வைவாளே. ஆகாவிடம் வசவு வாங்கக் கூடாது என்று, அவர் வருவதற்குள் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி ஊறவைத்து, கம்பி நார் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று கவிழ்த்து வைத்துவிட்டாய்.

அந்த அடிச் சோற்றுக்குத்தான் தாதீக் என்று பெயர், அதற்காகத்தான் துபாயின் அந்தக் கோடியிலிருந்தெல்லாம் கார் போட்டு வருகிறார்கள் என்பது உனக்கு எப்படித் தெரியும்? ஆகா வந்து பார்த்து, தலையில் கை வைத்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்துவிட்டாராம். "சோத்தைக் குடுத்துட்டு ஹோட்டலைக் கழுவி ஊத்திட்டியே" என்றாராம். அவ்வளவுதான், வேலையை விட்டு அனுப்பவில்லை. மறுநாள் முதல் அந்த அடிச் சோற்றைப் பெயர்த்தெடுக்கிற பொறுப்பே உன் கைக்கு வந்துவிட்டது. கொஞ்சம் உடைந்த துண்டுகளைக் காகிதத்தில் சுற்றி ரூமுக்குக் கொண்டுவருவாய். நாம் அதைப் புளிக்குழம்பில் நனைத்துத் தின்போம். ஆகா பார்த்திருந்தால் இன்னொரு தரம் தலையில் கை வைத்திருப்பார்.

உன் விரல்களில் எப்போதும் அந்தக் காய்ந்த எலுமிச்சையின் வாசனை இருக்கும். கரிக்கட்டி போலக் கறுத்துச் சுருங்கி, உடைத்தால் புளிப்பும் புகையும் கலந்து ஏறுமே, லூமி, அது. நாள் பூராவும் அதை உடைத்து உடைத்து, எந்த சோப்புக்கும் போகாத வாசனையாக உன் தோலில் ஊறிவிட்டது. கட்டிலில் படுத்துக்கொண்டு எனக்குப் பாடம் எடுப்பாய். "அரிசி நம்ம நாட்டுலேர்ந்து வருது மச்சான். குங்குமப்பூ ஆகா ஊர்லேர்ந்து. எலுமிச்சங்கா ஓமான்ல காஞ்சு வருது. அரபிக்காரன் கெடாக்கறியைப் போட்டு மூணையும் ஒண்ணாக்கி மச்பூஸ்ங்கிறான். பக்கத்துக் கடைத் துருக்கிக்காரன் இருக்கானே, அவன் எதுவும் வேணாம்னுட்டு கறியைக் கம்பியில நட்டுவச்சுச் செதுக்குறான்." நான் தூங்கிப்போன பிறகும் பேசிக்கொண்டிருப்பாய்.

அந்த மத்தியானம் டூட்டி முடித்து வந்து படுத்த நீ எழுந்திருக்கவில்லை. நான் கடை அடைத்து வந்தபோது ஏசி ஓடிக்கொண்டிருந்தது. கை சில்லென்றிருந்தது ஏசியால்தான் என்று நினைத்து, போர்வையை இழுத்து உன் மேல் போட்டேன். மாரடைப்பு என்று சொன்னார்கள். உன் சவப்பெட்டியோடு ஊருக்கு வர எனக்கு லீவு கிடைக்கவில்லை. அறந்தாங்கிக்கு நீ தனியாகப் போனாய். நாளாகிவிட்டது என்று சொல்லி, திறந்த கொஞ்ச நேரத்திலேயே மூடித் தூக்கிவிட்டார்களாம். உன் பெண்டாட்டி முகத்தைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லையாம்.

அதற்கடுத்த வியாழக்கிழமைதான் முதன்முதலாக அந்த வாசனை வந்தது. ரூமில் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தேன். நெய்யில் மாவு வறுபடுகிற வாசனை படியேறி வந்தது. உன் ஹோட்டலிலிருந்து என்று தெரிந்ததும் எனக்கு வந்த கோபம் இருக்கிறதே. இறங்கிப் போய் அடுப்படியிலேயே நின்று கத்தினேன். எழவு விழுந்தால் நாங்கள் கருமாதி முடிகிற வரை எண்ணெய்ச் சட்டி வைக்க மாட்டோம், கடுகு கூடத் தாளிக்க மாட்டோம், நீங்கள் இனிப்பா கிண்டுகிறீர்கள் என்று கேட்டேன். என் இந்தியும் நொண்டி, அவர் இந்தியும் நொண்டி. ஆனாலும் அவருக்குப் புரிந்தது. அவர் திரும்பவே இல்லை, கிண்டிக்கொண்டே இருந்தார். கை நின்றால் மாவு தீய்ந்துவிடும். மாவு நன்றாகச் சிவந்த பிறகு, சர்க்கரையும் பன்னீரும் குங்குமப்பூவும் கலந்த பாகைச் சுர்ரென்று ஊற்றி, கிளறி, தட்டில் பரப்பி, கரண்டி விளிம்பால் வரிவரியாக அழுத்தினார். அப்புறம்தான் பேசினார்.

"வாயில்லாம போனவன் எதைச் சாப்பிடுவான்? வாசனையைத்தானே?"

செத்துப்போனவர்கள் வியாழக்கிழமை பொழுது சாயும்போது தங்கள் வீட்டைப் பார்க்க வருவார்களாம். அடுப்பு அணைந்து கிடந்தால், நம்மை மறந்துவிட்டார்கள் என்று வாசலோடு திரும்பிவிடுவார்களாம். அவர் மனைவி இறந்ததிலிருந்து ஒரு வியாழனும் தவறியதில்லையாம். இனி உனக்கும் சேர்த்து என்றார். "என் பானையைச் சொரண்டினவன் என் வீட்டு ஆளு" என்றார். தட்டை என் கையில் கொடுத்து, சாப்பிட்டுவிட்டு அவனுக்காக ஏதாவது ஓது என்றார். எனக்கு என்ன ஓதத் தெரியும்? "உன் பாஷையில சொல்லு, அவனுக்குப் புரிஞ்சாப் போதும்" என்றார். ஒரு வாய் தின்றேன். உன்னைத் திட்டத்தான் வந்தது. சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டியேடா என்று திட்டினேன்.

தட்டோடு ரூமுக்கு வந்து கதவைத் திறந்தேன். நீ இருந்தாய்.

பார்த்தேன் என்று சொல்ல மாட்டேன். பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் சிரிக்கிற ஆள் நான், உனக்குத் தெரியும். ஆனால் உன் கட்டிலின் கம்பி, நீ புரண்டு படுத்தால் எப்படி முனகுமோ அப்படி முனகியது. காய்ந்த எலுமிச்சை வாசனை அறை முழுக்க நின்றது. அல்வாவில் எலுமிச்சை கிடையாது மாப்ள. மாவு, நெய், சர்க்கரை, பன்னீர், குங்குமப்பூ, இவ்வளவுதான். நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அந்த வாசனைக்கு உன்னைத் தவிர வேறு காரணம் இல்லை.

பிறகு வியாழன்தோறும் வந்தாய். பொழுது சாய்ந்ததும் வருவாய், ராத்திரித் தொழுகைக்கு அழைப்பு கேட்டதும் போய்விடுவாய். உன் கட்டிலுக்கு இன்னும் ஆள் போடவில்லை. எதிரே உட்கார்ந்து அந்த வாரக் கதையெல்லாம் சொல்வேன். எங்கள் விசா முதலாளி கஃபீல் கடையை இடம் மாற்றப் போகிறார் என்ற வதந்தி, என் பல்வலி, ஊரில் மழை. பயம் இருந்ததா என்றால் இல்லை. சந்தோஷமாக இருந்தது. வாரம் முழுக்கத் தைப்பதே வியாழனை எட்டத்தான் என்று ஆகிவிட்டது. ரூமில் தனியாகப் பேசுகிறான் என்று பக்கத்து அறைக்காரன் சொல்லித் திரிந்தான். சொல்லிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை உன் பெண்டாட்டி போன் செய்தாள். பிள்ளை பள்ளிக்கூடம் போவது, ஆத்தாவுக்குக் கால்வலி என்றெல்லாம் பேசிவிட்டு, வைக்கிற நேரத்தில் கேட்டாள்.

"அண்ணே, அவரு உங்க கனவுல வர்றாரா? எனக்கு ஒருநா கூட வரலண்ணே. படுக்கும்போதெல்லாம் நெனச்சிக்கிட்டேதான் படுக்குறேன். பெட்டியிலயும் சரியாப் பாக்கல. மொகம் மறந்துருமோன்னு இருக்கு."

லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். அவளுக்கு என்ன சொல்வது? உன் புருஷன் வாராவாரம் என் ரூமுக்கு வருகிறான் என்றா? அன்று பூராவும் அதே நினைப்பு. உங்கள் வீட்டில் அடுப்பு எரியும், கஞ்சி கொதிக்கும், அவ்வளவுதான். வருஷம் திரும்புகிற வரை பண்டிகை இல்லை, பலகாரச் சட்டி வைப்பதில்லை. நம் வழக்கப்படி அவர்கள் சரியாகத்தான் செய்கிறார்கள். ஆகா சொல்வது நிஜமானால், நீ வாசலோடு திரும்பிக்கொண்டிருக்கிறாய்.

ஆகாவிடம் போய்க் கேட்டேன். அங்கேயும் வறுத்து, இங்கேயும் வறுத்தால் அவன் இரண்டு இடத்துக்கும் வருவானா என்று.

எலுமிச்சையை உடைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். "உயிரோட இருந்தப்ப ரெண்டு எடத்துல இருந்தானா?" என்று கேட்டார்.

எனக்கு அந்தக் கேள்வி எங்கேயோ போய்க் குத்தியது. எத்தனை வருஷம் உன்னோடு ஒரே அறையில் இருந்திருக்கிறேன். அவள் உன்னோடு இருந்தது லீவு நாட்கள் மட்டும்தானே. உன் குறட்டை எனக்குத் தெரிந்த அளவு அவளுக்குத் தெரியாது. செத்த பிறகும் உன்னை நானே வைத்துக்கொண்டால் அது அநியாயம். அன்றைக்கே அவளுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. "என்னென்ன போடணும், சொல்லுங்கண்ணே" என்று மட்டும் கேட்டாள்.

லீவில் போன நம் ஊர்க்காரர் ஒருவர் கையில் குங்குமப்பூவும் பன்னீரும் கொடுத்து அனுப்பினேன். ஆகாவே சிமிழில் போட்டுக் கட்டித் தந்தார்.

அங்கே நமக்கு ஒன்றரை மணி நேரம் முந்தியே பொழுது சாய்ந்துவிடும். வியாழக்கிழமை வெயில் இருக்கும்போதே கடையில் சொல்லிவிட்டு ஹோட்டல் அடுப்படிக்கு வந்தேன். வீடியோவில் உங்கள் வீட்டு அடுப்பு தெரிந்தது. அவள் மாவைப் போட்டுக் கிண்ட, என் தோளுக்குப் பின்னால் நின்ற ஆகா இந்தியில் சொல்லச் சொல்ல நான் தமிழில் சொன்னேன். தீயைக் குறை, கையை நிறுத்தாதே, இன்னும் சிவக்கட்டும். போனில் வாசனை வராது, நிறத்தை வைத்துத்தான் சொல்ல வேண்டியிருந்தது. நடுவில் உன் ஆத்தா வந்துவிட்டாள்.

"யாருடி சட்டி வச்சது? துக்க வீடுங்கிற நெனப்பு இருக்கா?"

அவள் திரும்பவில்லை. கை மட்டும் கிண்டிக்கொண்டிருந்தது. நான்தான் போனிலிருந்து சொன்னேன். "ஆத்தா, அவனுக்குத்தான். வாசனைக்கு வருவான்னு இங்க சொல்றாங்க."

உன் ஆத்தா வாணலியை எட்டிப் பார்த்தாள். பிறகு உறியிலிருந்து நெய்ச் செம்பை எடுத்தாள். "இந்த நெய் பத்தாது. அவனுக்கு நெய் நெறைய வேணும். தள்ளு" என்று கரண்டியை வாங்கிக்கொண்டாள். ஆகா என்னவென்று கேட்டார். அம்மா என்றேன். அதற்கு மேல் அவர் ஒரு சொல்லும் சொல்லிக்கொடுக்கவில்லை.

இங்கே பொழுது சாய்ந்ததும் வழக்கம்போல ஆகா தன் வாணலியை வைத்தார். அவர் மனைவிக்கு மட்டும். தட்டை வாங்கிக்கொண்டு படியேறி வந்தேன். கதவைத் திறந்தேன். கட்டில், போர்வை, கொடியில் என் சட்டைகள். மாவும் பன்னீரும் மணந்தன, வேறொன்றும் இல்லை. ராத்திரித் தொழுகைக்கு அழைப்பு வரும் வரை உட்கார்ந்திருந்தேன். அழைப்பு வந்தது. போக அங்கே யாரும் இல்லை.

விடிந்ததும் உன் பெண்டாட்டி கூப்பிட்டாள். குரலிலேயே தெரிந்துவிட்டது.

"வந்தாருண்ணே."

"கனவுலயா?"

"கனவுதான். அடுப்படியில நின்னாரு. மொகம் நல்லாத் தெரிஞ்சுச்சு. மீசையில ஒரு நரை இருந்துச்சு, அது எனக்குத் தெரியவே தெரியாது. எப்பண்ணே நரைச்சுச்சு அவருக்கு?"

போன லீவு முடிந்து வந்த பிறகுதான் நரைத்தது. கண்ணாடி முன்னால் நின்று நீ பிடுங்கப் பார்த்தாய், நான் கேலி செய்தேன். அதை அவளிடம் சொன்னேன். சொல்லிவிட்டு, என்னைப் பற்றி ஏதாவது கேட்டானா என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம், வாய் முந்திக்கொண்டது.

பொய் சொல்லத் தெரியாதவள். "இல்லண்ணே. பிள்ளை தூங்குறதையே பாத்துக்கிட்டு நின்னாரு" என்றாள்.

நல்லதும்மா, வாரா வாரம் செய்யுங்க என்று சொல்லி வைத்துவிட்டேன். செய்கிறார்கள். அதற்குப் பிறகு நீ இங்கே வரவில்லை. வரவும் வேண்டாம். ஆனால் வியாழக்கிழமையானால், சாவி கையில் இருக்க, என் சொந்த ரூமின் கதவை ஒரு தரம் தட்டிவிட்டுத்தான் திறக்கிறேன். நீ வந்துகொண்டிருந்தவரை உனக்குக் கடிதம் எழுத வேண்டியிருக்கவில்லை மாப்ள. இப்போது எழுத வேண்டியிருக்கிறது.