கழுவி வந்த டப்பா

மகள் நேற்று கல்லூரியிலிருந்து கொண்டுவந்த சோற்று டப்பா கழுவியிருந்தது. திறந்ததும் சோப்பு வாசனை. காலையில் கவலை மீன் குழம்பு ஊற்றிக் கொடுத்த டப்பாவில் மீன் வாசனை மருந்துக்கும் இல்லை. உன் குரல்தான் முதலில் காதில் விழுந்தது.

"இன்னாமே, டப்பா பளபளன்னு கீது? துன்னவ கழுவிகினு வருவாளா? தப்பு பண்றவதான் கழுவுவா."

நாம் கல்லூரியில் ஒன்றாகப் படித்தபோது இப்படித்தான் என்னைக் கையும் களவுமாகப் பிடித்தாய். என் மீன் சோறு நாறுகிறதென்று வகுப்பில் எவளோ மூக்கைப் பொத்தியதிலிருந்து, அதை வாசல் நாய்க்குக் கொட்டி, டப்பாவைக் கழுவிவிட்டு, முட்டை பப்ஸும் கலர் சோடாவுமாக நான் காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தேன். திருவொற்றியூர் பஸ்ஸில் ஒருநாள் தலைசுற்றி உன் மேல் சாய்ந்தேன். நீ பதறவில்லை. காசிமேட்டு மீன் மார்க்கெட்டில் உன் அம்மா, மீன் புதுசா என்று செவுளைத் தூக்கிச் சிவப்பைப் பார்ப்பாரே, அதே மாதிரி என் கீழ் இமையை இழுத்துப் பார்த்தாய்; என் டப்பாவைத் திறந்து மோந்தாய்.

"செவுளு வெளுத்துக் கீது. ஐஸ்ல படுத்த மீனாட்டம் கீற நீ."

மறுநாளிலிருந்து மதியம் என் எதிரில் வந்து உட்கார்ந்தாய். உன் நெத்திலித் தொக்கில் பாதியை என் மூடியில் தள்ளினாய். அறிவுரை ஒன்றும் கிடையாது. நான் விழுங்குகிற வரை தொண்டையையே பார்த்துக்கொண்டிருப்பாய். அப்படியொரு சந்தேகப் பிராணி நீ. படகே கடலுக்குப் போகாத மீன்பிடித் தடைக்காலத்தில் யார் தட்டிலாவது வஞ்சிரம் விழுந்தால் "அதாண்ட விலாசம் கேளு" என்பாய். அந்த நாட்களில் உன் டப்பாவில் கருவாடும் கத்தரிக்காயும்தான். நான் ஒரு வாய் சோறு மிச்சம் வைத்தால், "கொடுங்கையூர் குப்பை மலை பத்தலியா, நீ வேற ஏத்துறியா?" என்று முறைப்பாய். எல்லோரையும் துளைத்துப் பார்த்த நீ, உன் இமையை மட்டும் யாரையும் தொட விட்டதில்லை.

உன் ரத்தத்தில் இருந்த நோய் முற்றிய பிறகுதான் தெரிந்தது. போன வருஷம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூச்சு வாங்கியபடியே என்னைக் குனியச் சொன்னாய். விரலை நீட்டி என் இமையை இழுத்தாய். "செவப்பாத்தான் கீது. வூட்டுக்குப் போ" என்றாய். நீ என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான். படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். இன்னும் ஆறவில்லை.

நேற்று நான் முறைத்த முறையில் மகள் உண்மையைக் கக்கினாள். ஏதோ வீடியோ பார்த்து உடம்பைக் குறைக்கிறாளாம். சோற்றைக் கொட்டிவிட்டு, ஒரு மாவுப் பாக்கெட்டைக் கரைத்துக் குடிக்கிறாளாம். நீயாக இருந்தால், "பாக்கெட்டுக்குச் செவுள் எங்க கீது, எதைத் தூக்கிப் பாக்குறது?" என்று கேட்டிருப்பாய். அவள் இமையை இழுத்துப் பார்த்தேன். வெளுத்திருந்தது. பயந்துவிட்டேன். திட்ட வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். அம்மா திட்டி எவள் சாப்பிட்டிருக்கிறாள்? நான் திருந்தியதும் என் அம்மாவால் அல்லவே.

இன்று காலை பெரிய டப்பாவில் இரண்டு பேருக்குக் கட்டினேன்.

"உன் க்ளாஸ்ல யாரையும் நம்பாதவ ஒருத்தி இருப்பா. அவளோட குந்தித் துன்னு. டப்பாவைக் கழுவாம எத்துகினு வா."

சாயங்காலம் டப்பா கழுவாமல் வந்தது. அடியில் மீன் முள். சூப்பின முள்ளு பொய் சொல்லாது என்பாய். ஒவ்வொன்றாக எடுத்து விளக்கடியில் பார்த்தேன். சதை ஒட்டியிருக்கவில்லை. ஆனாலும் இதில் இவள் சூப்பியது எது, இவளோடு உட்கார்ந்து தின்றவள் சூப்பியது எது என்று எனக்குச் சந்தேகம்தான்.

"அவ ரொம்ப மோசம்மா. கடைசி வாய் வரைக்கும் என் வாயையே பாத்துகினு கீறா" என்றாள் மகள்.

"அவ இமைய நீ இழுத்துப் பாத்தியா?"

"எதுக்கு? அவ நல்லாத்தான் கீறா. தொடவே வுட மாட்டா."

"நாளைக்கு இழுத்துப் பாரு. வுடாதவளத்தான் மொதல்ல பாக்கணும்."