உங்கள் என்ஜினைத் திறந்து பார்த்தேன்

தெருவில் எந்தக் கார் போனாலும் சத்தத்தை வைத்தே அதன் நோயைச் சொல்லிவிடும் என் றெஜி அண்ணாவுக்கு,

உங்கள் கார் போன மாதம் றேஸ் ஓடியது. அதைச் சொல்வதற்கு முன் ஜெராட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். தலைமன்னார் வீதிக் கராச்சில் உங்களோடு சேர்ந்து அந்த என்ஜினுக்கு டர்போ பூட்டியவர், உங்கள் சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்தவர். அவரைச் சந்தேகிக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் சந்தேகம் வந்துவிட்டது.

உங்கள் நினைவுப் பூசை முடிந்த கையோடு வீட்டுக்கு வந்தார். "டிலா, காரை நீரே ஓட்டும். டர்போ அமுக்கத்தை இன்னும் கூட்டி வைக்கிறன். நீர் மிதிச்சால் போதும்" என்றார்.

யார் ஓட்டுவது என்று உங்களோடு எத்தனை சண்டை பிடித்தவர், அண்ணா. இப்போது மட்டும் ஏன் தானாக விட்டுக்கொடுக்கிறார்?

"முதல் நீங்கள் பாப்பாமோட்டைப் பக்கம் ஒருக்கா ஓட்டிக் காட்டுங்கோவன்" என்றேன்.

"எனக்கு முதுகு ஏலாது."

முதல்நாள்தான் அவர் சீமெந்து மூட்டை தூக்கியதைக் கண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர் கோயிலுக்குப் போன நேரம் கராச்சுக்குப் போனேன். பிஸ்டன்களை மேலே மூடும் ஹெட்டை இறுக்கி முடித்ததும் ஒவ்வொரு போல்ட்டின் மேலும் நீங்கள் மஞ்சள் பெயின்றால் கோடு கீறியது நினைவிருக்கிறதா? போல்ட்டை யாரும் திருப்பினால் கோடு விலகிவிடும் என்றீர்கள். மறுநாள் காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள். பிறகு வரவேயில்லை.

எல்லாக் கோடுகளும் விலகியிருந்தன.

ஹெட்டைக் கழற்றினேன். டர்போவின் அமுக்கத்தைத் தாங்கவென்று நீங்கள் ஜப்பானிலிருந்து எடுப்பித்த பிஸ்டன்கள் உள்ளே இல்லை. காரோடு வந்த பழைய சாதாரண பிஸ்டன்கள் இருந்தன. அவர் சொன்ன அமுக்கத்தில் மிதித்திருந்தால் அவை நொறுங்கி, எண்ணெய் கொட்டி, தீப்பிடித்திருக்கும். உள்ளே நான் இருந்திருப்பேன்.

கராச் வாசலில் நிழல் விழுந்தது. ஜெராட்.

"இதை ஆர் மாத்தினது?" என்று கேட்டேன்.

"கொண்ணைதான். கடைசி நேரத்தில மனம் மாறிட்டார்."

ஒரு கணம் உங்களையே சந்தேகித்தேன். பிறகு அந்தக் கோடுகளைப் பார்த்தேன்.

"கோடு கீறினபிறகு அண்ணா இஞ்ச வரவேயில்லை."

துணியால் கையைத் துடைத்துக்கொண்டே நின்றார். "வேற ஒருத்தற்ற காருக்குத் தேவைப்பட்டது. குறைஞ்ச அமுக்கத்தில ஓடினால் ஒண்டும் நடக்காது, டிலா."

"அப்ப ஏன் கூட்டுறன் எண்டீங்கள்?"

துணியை மேசையில் எறிந்துவிட்டு வெளியே போனார். என்ஜின் உடைந்துபோனால் களவும் அதோடு மறைந்துவிடும் என்று நினைத்தாரா? உள்ளே இருக்கப்போகும் என்னைப் பற்றி நினைக்கவேயில்லையா? நினைத்தும்தான் செய்தாரா?

பிஸ்டன்களைத் திருப்பிக் கொண்டுவந்து தந்தார். அவைதானா என்று அளந்து பார்த்த பிறகே வாங்கினேன். காரை வீட்டுக்குக் கொண்டுவந்து நானே பூட்டினேன். இப்போதெல்லாம் எண்ணெயைக்கூட மணந்து பார்க்காமல் ஊற்றுவதில்லை. இப்படி ஆகிவிட்டேனே என்று எனக்கே வெறுப்பாக இருக்கிறது.

றேஸில் இரண்டாவதாக வந்தேன். தொடங்கும்போது கொஞ்சம் பிந்திவிட்டேன். டர்போ விசிலடித்ததும் கார் என்னை ஆசனத்தோடு சேர்த்து அமத்தியது. முடிவுக்கோட்டைத் தாண்டியபோது அழுதுகொண்டிருந்தேன். வேலிக்கு அப்பால் நின்று ஜெராட் கையசைத்தார். நான் திருப்பி அசைக்கவில்லை.

"அவனை மன்னிக்கலாம்தானே, பிள்ளை?" என்று அம்மா கேட்டா.

"மன்னிக்கலாம் அம்மா. கார்ச் சாவி குடுக்கேலாது."

அண்ணா, ஏன் அமுக்கத்தைக் கூட்டப் பார்த்தார் என்ற கேள்விக்கு ஜெராட் வாயால் பதில் வாங்காமல் விடமாட்டேன். அதுவரை உங்கள் என்ஜினில் என் கையைத் தவிர வேறு எவர் கையும் படாது. இது சத்தியம்.

உங்கள் ஒரே தங்கச்சி,
டிலானி