பிள்ளையோடு வீட்டிலிருந்து ஒருவர்

உம்முல் ரமாத்
ஜூன் 14

அன்புள்ள லம்ஜத்,

இங்கே எல்லோரும் சுகம். போனில் பேசத் தொடங்கினால் கொஞ்ச நேரத்திலேயே இரண்டு பேர் குரலும் ஏறிவிடுகிறது, இனி எழுதிக்கொள்ளலாம் என்று நீதான் சொன்னாய். அதனால் எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் வெயிலைக் குறை சொல், என்னைச் சொல்லாதே.

பள்ளிக்கூடம் மூடிய மறுநாளே கோடை அறிவியல் மன்றத்தைத் திறந்துவிட்டேன். இளைஞர் இல்லத்தில் நமக்குக் கொடுத்த அதே பின்கட்டு அறைதான். நீ ஓமானுக்கு வேலைக்குப் போனபின் நான் தனியாகத் திறக்கும் மூன்றாவது கோடை இது. வாசலைப் பெருக்கும்போதே களைப்பு வந்துவிட்டது. பெருக்கி முடிப்பதற்குள் சுரங்கத்திலிருந்து பாஸ்பேட் ரயில் போகிறது, திரும்பவும் வெள்ளைத் தூசி.

இந்த ஆண்டு நாம் பேசிவைத்திருந்த விதியைப் போட்டேன். பிள்ளையோடு வீட்டிலிருந்து ஒருவராவது கூடவே உட்கார்ந்து படிக்க வேண்டும். யாரும் வரமாட்டார்கள் என்று பயந்தேன். அம்மாக்கள் வந்துவிட்டார்கள். அதிலும் மப்ரூக்கா என்று ஒருத்தி, ரொட்டி சுட்டு விற்பவள், தன் மகளைவிட இவள்தான் அதிகம் கேள்வி கேட்கிறாள். அட்டைப்பெட்டியில் வெள்ளித்தாள் ஒட்டிச் சூரிய அடுப்பு செய்து காட்டினேன். "இந்த ஊர்ல முட்டைய வெளிய வெச்சாலே வெந்துருமே டீச்சர், அதுக்கு எதுக்கு ஒரு பெட்டி?" என்றாள். அறையே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது, ரொம்ப நாளுக்குப் பிறகு.

நம் மகள் ஷிராஸ் காற்றிலுள்ள தூசியை அளக்கும் கருவி ஒன்று செய்துகொண்டிருக்கிறாள். அதை இயக்க மன்றத்திலிருந்த ஒரே மின்சுற்றுப் பலகை பழுதாகிவிட்டது. கஃப்ஸா நகரத்துக் கடைகளில் தேடினேன், இல்லை. நீ வரும்போது ஒன்று வாங்கி வா. பிள்ளைகள் செய்ததை வீட்டார் வந்து பார்க்கும் குடும்ப நாள் ஜூலை கடைசிச் சனிக்கிழமை. ஜூலையில் வருகிறேன் என்று நீ சொன்னதை நான் அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

தலேந்தா


நிஸ்வா
ஜூன் 26

என் அன்பு தலேந்தா,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மப்ரூக்காவின் முட்டைக் கதையை இங்கே சக ஆசிரியர்களிடம் சொன்னேன். அவர்கள் இங்கத்து வெயிலுக்கு முட்டை வேண்டாம், கோழியே வெந்துவிடும் என்கிறார்கள்.

நான் நலம். ஹரிஸ்ஸா தீர்ந்துவிட்டது. இங்கே விற்கிற மிளகாய் விழுதெல்லாம் வெறும் சிவப்பு, காரம் கிடையாது.

இங்கேயும் கோடைப் பயிலரங்கம் தொடங்கியிருக்கிறது. நீ பார்க்க வேண்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு மேசை, ஒரு கணினி. நினைத்த வடிவத்தை அச்சிட்டுக் கையில் கொடுக்கும் இயந்திரம் வரிசையாக நிற்கிறது. குளிரூட்டிய அறை. சாயங்காலம் அப்பாக்கள் வந்து பிள்ளைகளோடு உட்கார்ந்து ரோபோ ஓட்டுகிறார்கள். அதைப் பார்க்கும்போது ஷிராஸ் நினைப்புதான்.

உன்னிடம் முன்பே சொன்னேன், கோபப்படாமல் கேள். அந்தப் பின்கட்டு அறையை எத்தனை வருஷம் நீ ஒருத்தியே இழுத்துக்கொண்டு போவாய்? இளைஞர் இல்லத்து இயக்குநர் உனக்கு ஒரு மின்விசிறிகூட மாற்றித் தரமாட்டார். மூடிவிட்டு இரண்டு பேரும் இங்கே வாருங்கள். உயிரியல் ஆசிரியைக்கு இங்கே நல்ல இடம் இருக்கிறது.

மின்பலகை வாங்கிவிட்டேன், இரண்டு. விடுமுறைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன், கிடைத்துவிடும் என்றுதான் நினைக்கிறேன். ஷிராஸை முத்தமிட்டதாகச் சொல்.

உன் லம்ஜத்


உம்முல் ரமாத்
ஜூலை 9

அன்புள்ள லம்ஜத்,

"கிடைத்துவிடும் என்றுதான் நினைக்கிறேன்" என்ற வரியை நான் ஷிராஸிடம் படித்துக் காட்டவில்லை. முத்தத்தை மட்டும் கொடுத்தேன்.

நீ சொன்னது சரி, மின்விசிறி போய்விட்டது. ஒரு வாரமாக ஷஹீலி அடிக்கிறது. அந்த அனல்காற்றில் ஜன்னலைத் திறந்தாலும் தப்பு, மூடினாலும் தப்பு. செவ்வாய்க்கிழமை தண்ணீர் ஆவியாவதை விளக்கிக்கொண்டிருந்தேன். அப்புறம் பார்த்தால் தரையில் கிடக்கிறேன், மப்ரூக்கா என் முகத்தில் தண்ணீர் தெளிக்கிறாள். "டீச்சரே ஆவியாகிப் போயிருப்பாங்க, நல்லவேளை!" என்று அவள் சொன்னதும் அழுதுகொண்டிருந்த சின்னப் பிள்ளைகளும் சிரித்துவிட்டன. பெரிதாக ஒன்றுமில்லை, பயப்படாதே. இரத்த அழுத்தம் இறங்கிவிட்டதாம். தர்ப்பூசணி சாப்பிட்டேன், தூங்கினேன்.

உனக்குச் சொல்ல வந்தது அது இல்லை. நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். ஷிராஸ் எழுந்து போய்ச் சாக்கட்டியை எடுத்தாள். நான் விட்ட இடத்திலிருந்து பாடத்தை நடத்தினாள். அவள் பேசும்போது ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொள்கிறாள், உன்னை மாதிரியே. அம்மாக்கள் அவளையும் டீச்சர் என்றே கூப்பிட்டார்கள். பதினாலு வயதுக்காரிக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது.

வீட்டுக்கு நடந்து வரும்போது, "இதெல்லாம் குடும்ப நாளன்னிக்கு அப்பாகிட்ட சொல்லணும்" என்றேன். அவள் நின்றாள். "அப்பா வர்றாங்கன்னு இனிமே சொல்லாதீங்கம்மா. வந்தா பாத்துக்கலாம்."

லம்ஜத், ஓமானிலிருந்து நம் ஊர் ஆசிரியர்கள் எல்லோரும் விடுமுறைக்கு வந்து இறங்கிவிட்டார்கள். சந்தையில் பார்க்கிறேன். "அவரு எப்ப வர்றாரு?" என்று கேட்கிறார்கள். பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. நீயே ஒரு பதில் எழுது.

தலேந்தா


நிஸ்வா
ஜூலை 19

தலேந்தா,

நீ மயங்கி விழுந்ததைப் படித்ததிலிருந்து மனது சரியில்லை. தயவுசெய்து மருத்துவரைப் பார்.

நேராகவே எழுதிவிடுகிறேன். என்னால் வர முடியவில்லை. பயிலரங்கத்தின் இரண்டாவது சுற்றை என்னை நடத்தச் சொல்லிவிட்டார்கள். மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை. இன்னும் இரண்டு ஆண்டுக்கு ஒப்பந்தமும் போட்டாயிற்று. உன்னிடம் கேட்டுவிட்டுப் போட்டிருக்க வேண்டும்.

களைத்திருப்பது நீ மட்டும் இல்லை. இங்கே பாடம் நடத்தும்போது என்ன கேட்டாலும் கிடைக்கிறது. இத்தனை வருஷம் ஒரு கண்ணாடிக் குழாய்க்கு யார் யாரிடமோ கெஞ்சியவன் நான். திரும்ப அந்த அறைக்குள் வந்து நிற்க எனக்கு மனமில்லை. உன்னைப் பிடிக்காமல் இல்லை. அந்த அறையைத் தாங்க முடியவில்லை.

ஆகஸ்டுச் சுற்றில் ஷிராஸுக்கு ஓர் இடம் கேட்டு வாங்கியிருக்கிறேன். அவளை மட்டுமாவது அனுப்பு. பிடித்தால் இங்கேயே பள்ளியில் சேர்க்கலாம். அவளிடம் நீயே பேசு. நான் கேட்டால் மறுத்துவிடுவாள் என்று பயமாக இருக்கிறது.

லம்ஜத்


உம்முல் ரமாத்
ஆகஸ்டு 2

லம்ஜத்,

குடும்ப நாள் நடந்து முடிந்தது. மத்தியானத்துக்குள் ஊர் அடங்கிவிடும் என்பதால் காலையிலேயே வைத்தோம். சூரிய அடுப்பில் மிளகாயும் தக்காளியும் சுட்டு ஸலாட்டா செய்தார்கள். சுரங்கத்தில் இரவு வேலை முடித்த அப்பாக்கள் குளிக்காமல்கூட நேராக வந்து நின்றார்கள். அவர்களைப் பார்க்க ஒரு பக்கம் சந்தோஷம், ஒரு பக்கம் ஷிராஸை வேறெங்கே பார்க்க வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அவள் தன் கருவியை மேசையில் வைத்திருந்தாள். பலகை இல்லாமல் அது வெறும் பெட்டி. ஒளித்து வைத்துவிடலாம் என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. அவள் முறை வந்ததும், "இது வேலை செய்யல. ஏன் செய்யலன்னு சொல்றேன்" என்று ஆரம்பித்தாள். ஒவ்வொரு பாகமாகக் கழற்றிக் காட்டினாள். மப்ரூக்கா கேட்டாள், "வேலை செஞ்சா என்ன சொல்லும்?"

"நம்ம வீட்டுக்குள்ள எவ்வளவு தூசிய மூச்சா இழுக்கிறோம்னு சொல்லும்."

"அதச் சொல்ல எனக்குப் பெட்டி வேண்டாம் கண்ணு, என் வீட்டுக்காரர் இருமல் சொல்லும். ஆனா நான் சொன்னா எவன் கேக்குறான்? இது சொன்னா கேப்பானுங்க. செஞ்சு முடி."

யாரும் சிரிக்கவில்லை. அவள் கணவர் பின்னால் நின்றுகொண்டு தரையைப் பார்த்தார்.

அன்று வீட்டுக்கு வந்ததும் நான் உன் கடிதத்தைப் பற்றி ஷிராஸிடம் சொன்னேன். மறுத்துவிடுவாள் என்றுதான் நானும் நினைத்தேன், அப்படி நினைத்துச் சந்தோஷமாகக்கூட இருந்தேன். அவள் தட்டையே பார்த்துக்கொண்டு கேட்டாள்:

"அங்க அந்தப் பலகை நெறைய இருக்குமாம்மா?"

"இருக்கும்."

"நான் போனா நீங்க தனியா ஆயிடுவீங்களே."

"எனக்கு மன்றம் நெறைய ஆள் இருக்காங்க."

"அப்போ போறேன். அப்பாவுக்காக இல்ல."

அவள் வருகிறாள். அடுத்த வார வெள்ளிக்கிழமை விமானம். நல்ல மேசையும் நல்ல கருவியும் அவளுக்குக் கிடைக்க வேண்டியவைதான். என்னிடம் இல்லை என்பதற்காக அவளுக்கும் இல்லாமல் போக நான் அவளைப் பிடித்து வைக்க மாட்டேன். அங்கேயே பள்ளியில் சேர்ந்தால் சேரட்டும். அதை அவள் முடிவு செய்வாள், நீயும் நானும் இல்லை.

நான் வரமாட்டேன். உன் மேல் கோபம் என்று எடுத்துக்கொள்ளாதே. கோபப்படுவதற்கும் தெம்பு வேண்டும். உனக்குத் தாங்க முடியாத அறை எனக்கும் தாங்க முடியாததுதான். ஆனால் நான் காலையில் போய்த் திறந்தால் வாசலில் ஆட்கள் நிற்கிறார்கள். மழைக்காலத்திலும் சனிக்கிழமைகளில் நடத்தச் சொல்லிக் கேட்கிறார்கள். சரி என்று சொல்லிவிட்டேன். வாசல் பலகையில் பொறுப்பாளர்கள் என்று நம் இரண்டு பேர் பெயரும் இருந்தது. உன் பெயர் இருந்த இடத்தில் மப்ரூக்காவின் பெயரை எழுதச் சொல்லியிருக்கிறேன்.

எப்போது வருவாய் என்று இனி நான் கேட்க மாட்டேன். சந்தையில் கேட்பவர்களுக்கும், அவர் அங்கேயே தங்கிவிட்டார் என்று சொல்லத் தொடங்கிவிட்டேன். முதல் தடவை சொல்லும்போது கஷ்டமாக இருந்தது. அப்புறம் இல்லை.

ஷிராஸைப் பற்றி ஒன்றிரண்டு. பசிக்கவில்லை என்பாள், நம்பாதே. கருவியோடு உட்கார்ந்தால் தண்ணீர் குடிக்க மறந்துவிடுவாள், பக்கத்தில் ஒரு பாட்டில் வை. உனக்கு ஹரிஸ்ஸா இரண்டு ஜாடி அவள் பெட்டியில் துணிக்கு நடுவே இருக்கிறது, கசிந்திருந்தால் திட்டாதே, கட்டியது நான். பயிலரங்கத்தின் கடைசி நாளில் அங்கேயும் பெற்றோரைக் கூப்பிடுவார்கள் அல்லவா? அன்றைக்கு முன்வரிசையில் போய் உட்கார். வர முடியாது என்று தோன்றினால் அதை அன்று காலையிலேயே அவளிடம் நேராகச் சொல்லிவிடு.

தலேந்தா