பேனாவைக் கீழே வைத்தபோது

அன்பு மகளுக்கு, அப்பா எழுதிக்கொள்வது. இங்கே இருவரும் நலம். உன் இருமல் நின்றதா? சமையலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது.

என் வரலாற்றுத் தேர்வு நேற்று முடிந்தது. அம்மா பக்கத்திலேயே இருந்ததால் போனில் சொல்ல முடியவில்லை. அவளிடம் கூடுதல் ஷிப்ட் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தேன். பள்ளியிறுதிச் சான்றிதழ் இல்லாத என்னைப் போன்ற வார்டு உதவியாளர்களுக்கு ஆண்டு முடிவோடு வேலை இல்லை என்று மருத்துவமனையில் நோட்டீஸ் ஒட்டியிருப்பது இன்னும் அவளுக்குத் தெரியாது.

மற்ற பாடமெல்லாம் தேறியும் இந்த ஒன்று இரண்டு முறை காலை வாரிவிட்டதே. போன தடவை முதல் கேள்விக்கே ஒரு மணி நேரம் எழுதி, கடைசி மூன்றைத் தொடாமல் வந்தேன். "ஒரு கேள்விக்குப் பதினஞ்சு நிமிஷம்தான். பாதி வாக்கியமா இருந்தாலும் விட்டுட்டு அடுத்ததுக்குப் போயிடுப்பா" என்று நீ திட்டியது காதிலேயே இருந்தது.

முதல் நான்கும் கணக்காக முடிந்தன. ஐந்தாவது, தொற்றுநோய் நகரங்களை எப்படி மாற்றியது என்ற கேள்வி. தொற்றுக் காலத்தில் நோயாளிகளை வண்டியில் வைத்துத் தள்ளிய கை இது, நிற்க மாட்டேன் என்றது. நிமிர்ந்தால் இருபத்தெட்டு நிமிடம் ஓடியிருந்தது. பாதி வாக்கியத்தில் அப்படியே விட்டேன். ஏழாவதில் ஆண்டுகள் எதுவுமே நினைவுக்கு வரவில்லை. முன்பென்றால் மோட்டுவளையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன். இந்த முறை தெரிந்த இரண்டு வரியை எழுதி, அரைப் பக்கம் இடம் விட்டு எட்டாவதற்குப் போனேன். ஒன்பதாவதை வெறும் குறிப்புகளாகவே எழுதினேன்.

பத்தாவதில் நான்கு வரி பாக்கி இருக்கும்போது மணி அடித்துவிட்டது. உன் வயதுள்ள மேற்பார்வை டீச்சர் என் மேசையருகே வந்து நின்றார். "அந்தச் சொல்லை மட்டும் முடிச்சுக்கங்க, ஐயா" என்றார். முடித்தேன். விரல்கள் பேனாவை விட்டுப் பிரியவே சற்று நேரமாயிற்று. விட்டுவந்த அரைப் பக்கம் வெறுமையாகவே போய்விட்டது. ஆனால் இந்த முறை பத்தையும் தொட்டுவிட்டேன்.

முடிவு இருபதாம் தேதி. என் பதிவு எண்ணைக் கடிதத்தின் பின்புறம் எழுதியிருக்கிறேன். நீதான் முதலில் பார்க்க வேண்டும். தேறியவர் பட்டியலில் எண் இருந்தால் வீட்டுக்கே போன் போட்டு அம்மாவிடம் சொல். இல்லையென்றால் மதியம் இரண்டு மணிக்குள் வார்டுக்குக் கூப்பிடு. வீட்டுக்கு வரும் வழியில் நான் முகத்தைச் சரிசெய்துகொள்ள வேண்டும்.

நேரத்துக்குச் சாப்பிடு, கண்ணு.

அப்பா